எழுபத்து மூன்று நுனிகள்

இறந்தவர்களின் மூளைச் செல்களை, எப்போதோ எடுத்த படங்களிலிருந்து கணினியில் முப்பரிமாண வடிவமாக வரைவது என் வேலை. மூளையைத் தானம் கொடுத்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். உயிரோடிருந்தவரை நான் சொன்ன எதையும் அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை. அவருடைய செல்லை வரையும்போது வீட்டுக் கதையெல்லாம் சொல்லிப் புலம்புவேன். மறுநாள் அதே பழைய படங்களில், மரம்போல் கிளைத்திருக்கும் அந்தச் செல்லில் ஒரு கிளை கூடியிருக்கும். விடுமுறை நாட்களில் கூடுவதில்லை.

"சாஃப்ட்வேர் கோளாறும்மா," என்றார் மேலாளர். மற்றவர்களின் செல்கள் சரியாகவே இருந்தன.

நேற்று பயந்துபோய், "போதும்ப்பா, இனிமே எதுவும் சொல்ல மாட்டேன்," என்றேன்.

இன்று கிளை நுனிகளை எண்ணினேன். நேற்றைய எழுபத்து மூன்றேதான். நிம்மதியாக வடிவத்தைச் சுழற்றினேன். எந்தப் பக்கம் சுழற்றினாலும் எழுபத்து மூன்று நுனிகளும் என் பக்கமே திரும்பின.