கழலாத ஹப்

நாலு வருஷமாக ஷெட்டில் கிடந்த பழைய கார் அது. அதன் பின்சக்கரத்தைத் தாங்கும் நடுக்குடமான ஹப் மூன்று நாளாக அசைந்து கொடுக்கவில்லை. இழுத்துக் கழற்றும் புல்லரை மாட்டி முறுக்கியும், சூடு காட்டியும் மெக்கானிக்குக்குக் கை ஓய்ந்துவிட்டது.

"ஐயா, இதுக்கு மேல அடிச்சா உடைஞ்சிடும். வேற ஹப் கிடைக்காது. அப்புறம் வண்டி ஓடவே ஓடாது."

"உடைஞ்சா உடையட்டும். அடிப்பா" என்றார் காருக்குச் சொந்தக்காரரான பெரியவர்.

மெக்கானிக் மனசே இல்லாமல் சம்மட்டியை ஓங்கி, புல்லரின் தலையில் ஒன்று போட்டார். வெடித்தது போல் சத்தம். ஹப் முழுசாகக் கழன்று வந்தது.

"தப்பிச்சுதுங்கய்யா! இனி ஜம்முனு ஓட்டலாம்."

"ஓட்டறதுக்கு இல்லப்பா. உள்ளே பிரேக்கைப் பாத்துச் சொல்லு."

மெக்கானிக் குனிந்து பார்த்தார்.

"பிரேக் சிலிண்டர் பிளந்திருக்கு. பிரேக் ஆயில் பூரா ஒழுகிக் காஞ்சு போயிருக்கு. எவ்வளவு மிதிச்சிருந்தாலும் வண்டி நின்னிருக்காதுங்க."

பெரியவர் செல்போனை எடுத்தார். ஒரு நம்பரைப் போட்டார்.

"தம்பி, அப்பா பேசறேன். பிரேக் பிடிக்கலைன்னு அன்னிக்கு நீ கதறினது நிஜம்தான்டா. உங்கம்மா செத்ததுக்கு நீ காரணமில்லை. நான்தான் நம்பலை. வீட்டுக்கு வந்துடுப்பா."