மார்க்கத்தில் ஒரு நீள வீடு

“உவையள் செத்து ஐந்நூறு வருசம். அவைக்குக் காட்டுற மரியாதையில கால்வாசியை உயிரோட நிக்கிற எனக்குக் காட்டினால் என்ன?”

கம்பி வேலிக்கு வெளியே நின்று கத்தினார் சண்முகநாதன். குழிக்குள் முழந்தாளிட்டு மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்த தேனுகா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மூன்று மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து மணிக்கு அவளுக்கு இந்த அர்ச்சனை நடந்துவருகிறது.

கனடாவின் மார்க்கம் நகரத்து அந்த வயலில் ஒரு காலத்தில் பூர்வகுடிகளின் ஊர் இருந்தது. இந்த 1994இல் அதே இடத்தில் இருநூறு வீடுகள் எழும்பவேண்டும். அகழ்வாராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த தேனுகா கையெழுத்து வைக்காமல் புல்டோசர் உள்ளே வரமுடியாது. சண்முகநாதன் முற்பணம் கட்டிப் பதிந்திருந்த வீடும் அந்த இருநூறில் ஒன்று.

“பிளானைப் பாரும், பிள்ளை. நீர் இப்ப நிக்கிறது எங்கட குசினிக்குள்ள, அடுப்படியில!”

பக்கத்தில் அவர் மனைவி சந்திரவதனா வழக்கம்போல வாயே திறக்காமல் நின்றாள். ஒரு கையில் ஐஸ்கிறீம் வாளி நிறைய வடை, மறுகையில் தேத்தண்ணிப் பிளாஸ்க். அந்த வாளி கண்ணில் பட்டதும் வேலையாட்கள் ஆறுபேரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வேலிக்கு ஓடுவார்கள். பிறகு முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருவரையும் குழிக்குள் இறக்க முடியாது.

லஞ்சம் என்று தெரிந்துகொண்டே தேனுகாவும் இரண்டு வடை தின்றாள். அவ்வளவு நல்ல வடை.

“அப்பிடி என்னத்தைத்தான் கண்டுபிடிச்சனீர்?” என்றார் சண்முகநாதன்.

தேனுகா மண்ணில் வரிசையாகத் தெரிந்த கரிய வட்டங்களைக் காட்டினாள். “இந்த இடமெல்லாம் மரக்கம்பு நட்டிருக்கினம், அங்கிள். இது ஒரு நீள வீடு. ஒரே கூரைக்குக் கீழ பத்துக் குடும்பம், சொந்தக்காரர் எல்லாரும் ஒண்டா இருந்திருக்கினம்.”

செத்தவர்கள்மேல் சண்முகநாதனுக்கு முதல்முறையாக மரியாதை பிறந்தது. “பாத்தீரே, வதனா! இதைத்தானே நானும் தலைபாடாச் சொல்லுறன். நாலு அறையில அம்மாவுக்கு ஒண்டு. ஒஷாவாவில இருக்கிற தங்கச்சி குடும்பத்துக்கு ஒண்டு, பிறம்ரனில இருக்கிற தங்கச்சி குடும்பத்துக்கு ஒண்டு. மிச்சம் எங்களுக்கு. இந்தச் சனத்துக்கு அப்பவே விளங்கியிருக்கு!”

சந்திரவதனா அன்றுதான் வாயைத் திறந்தாள். “பத்துக் குடும்பத்துக்கும் அடுப்பு எத்தினை, பிள்ளை?”

“ரெண்டு குடும்பத்துக்கு ஒண்டு, அன்ரி. அஞ்சு அடுப்பு.”

“ஓ… அஞ்சு இருந்ததோ,” என்றாள் சந்திரவதனா.

“மனுசிக்கு இப்ப உதுகளில நல்ல ஆர்வம்,” என்று பெருமைப்பட்டார் சண்முகநாதன். பிறகு, வீடு கட்டும் கொம்பனிக்காரனையும் ஒரு பிடி பிடித்துவிட்டு வருவதாகச் சொல்லி, வயலின் மறுகோடியில் அலுவலகமாக நின்ற ட்ரெய்லரை நோக்கி நடந்தார்.

தேனுகாவின் தலைவலி வேறு. வடக்குச் சரிவில் முந்தினநாள் மாதிரிக்குத் தோண்டிய மூன்று குழிகளிலும் பானையோடுகள் வந்திருந்தன. அங்கேயும் ஒரு நீள வீடு கிடக்கலாம். தோண்டத் தொடங்கினால் பனிக்கு முன் முடியாது. அடுத்த வருசம்வரை இழுக்கும். சரிவைத் தோண்டவேண்டுமா, விடலாமா என்று மத்தியானத்துக்குள் அவள் ஃபாக்ஸ் அனுப்பவேண்டும்.

தோண்டத்தான் வேண்டும் என்று படிப்பு சொன்னது. ஆனால் அவள் கண் சந்திரவதனாவின் முகத்திலேயே நின்றது. கண்ணுக்குக் கீழே கருவளையம், நித்திரையில்லாத முகம். ஸ்காபரோவில் ஓரறை அப்பார்ட்மென்டில் ஆறுபேராய் நெருக்கியடித்து வளர்ந்தவள் தேனுகா. சொந்த வீட்டுக்குக் காத்திருப்பது என்னவென்று அவளுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

செத்தவர்களுக்கு இனி வீடு எதற்கு? படிவத்தை எடுத்து, ‘வடக்குச் சரிவில் முக்கியமாக எதுவும் இல்லை’ என்று எழுதினாள். அந்த ஊரை இன்னொரு தடவை புதைப்பதுபோல இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதை வைக்கமுதல் அந்த மனுசியின் முகம் மலர்வதைப் பார்த்துவிட்டால் மனம் கொஞ்சம் ஆறும் என்று நினைத்து வேலியடிக்குப் போனாள்.

“அன்ரி, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. உங்களுக்காகத்தான் செய்யிறன். வடக்குப் பக்கத்தைத் தோண்டாமல் விடப்போறன். திங்கட்கிழமை புல்டோசர் வரும். சித்திரைக்கு நீங்கள் குடிபூரலாம்.”

சந்திரவதனாவின் கண்கள் நிறைந்துவிட்டன. கம்பிக்கு இடையால் கையை விட்டு, தேனுகாவின் சேற்றுக் கையை இறுக்கிப் பிடித்தாள். இந்த ஒரு முகத்துக்காகப் பொய்க் கையெழுத்து வைக்கலாம் என்று தேனுகா நினைத்துக்கொண்டாள்.

சந்திரவதனா ட்ரெய்லர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சண்முகநாதன் அங்கே யாரையோ விரலை நீட்டி ஏசிக்கொண்டிருந்தார். அவள் வேலியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“மாமியும் ரெண்டு மச்சாள்மாரும் இப்பவே பெட்டி கட்டி வைச்சிருக்கினம். உங்களைக் கும்பிட்டன் பிள்ளை, வடக்குப் பக்கத்தையும் ஆறுதலா, அவசரப்படாமல் கிண்டுங்கோ!”