எந்த ஆழத்தில்

ஹார்ட் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பிவிடலாம் என்றுதான் சிந்தியா வந்தாள்.

பேராசிரியர் கோபிநாத் மாரடைப்பில் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவரிடம் கடைசியாக முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த மாணவி அவள். அவளுக்கு வேண்டிய பூகம்பப் பதிவுகள் எல்லாம் நெல்லித்தோப்பில் அவர் வீட்டிலேயே தங்கிவிட்டன.

அவர் மனைவி சிவசங்கரி அந்த ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்துக் கொடுத்தார். காபி போட்டுக் கொண்டுவந்து டீப்பாயில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அவரு என்னதாம்மா ஆராய்ச்சி பண்ணாரு? எப்பக் கேட்டாலும், சொன்னா உனக்குப் புரியாதுன்னுடுவாரு."

சிந்தியாவுக்குப் பாவமாக இருந்தது.

துறையில் யாருக்கும் இந்த அம்மாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. விழா என்றால் வருவார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். சாருக்கு முன்னால் எழுந்து போய் காரில் காத்திருப்பார்.

ரொம்ப எளிமையாகச் சொல்ல வேண்டும் என்று சிந்தியா முடிவு செய்துகொண்டாள். அறிவியல் தினத்துக்கு வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி, கையை ஆட்டிச் சொன்னாள்.

பூமிக்குள்ளே ஆழத்தில் இருக்கிற பாறை கெட்டியானதுதான். ஆனாலும் நம் நகம் வளர்கிற வேகத்தில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடும்போது அதிலுள்ள ஆலிவின் என்கிற பச்சைப் படிகங்கள் ஓட்டத்தின் பக்கமாக வரிசையாகத் திரும்பிக்கொள்கின்றன.

டீப்பாயின் மரத்தில் ஓடிய ரேகையை விரலால் தடவிக் காட்டினாள். இந்த மாதிரி.

டோங்கா தீவுகள் பக்கம் பூகம்பம் வந்தால், அதன் அலை பூமியின் நடுவைக் கடந்து நம் காலுக்கு நேர் கீழேயிருந்து ஏறி வரும். அந்தப் படிகங்களுக்குள் நுழைந்ததும் அலை இரண்டாகப் பிரியும். ரேகையோடு அதிர்வது முந்தும். குறுக்கே அதிர்வது பிந்தும்.

"ரெண்டுக்கும் ஒரு செகண்டுதான் மேடம் வித்தியாசம். எது முந்துதுன்னு பார்த்தா, கீழ பாறை எந்தப் பக்கமா ஓடுதுன்னு தெரிஞ்சிடும். யாராலயும் தோண்டிப் பார்க்க முடியாத இடம். சார் அதைத்தான் கண்டுபிடிச்சாரு."

புரிந்ததா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

சிவசங்கரி டீப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேர் கீழேருந்து ஏறி வர்ற அலைன்னா, அந்த ஒரு செகண்ட் எந்த ஆழத்துல உண்டாச்சுன்னு எப்படித் தெரியும்? மேல இருக்கிற பழைய பாறையில எப்பவோ உறைஞ்சுபோன வரிசையாக்கூட இருக்கலாமில்ல? இப்ப ஓடுறதுதான்னு எதை வெச்சுச் சொன்னாரு?"

சிந்தியா டம்ளரைக் கீழே வைத்தாள்.

இதே கேள்வியைக் கேட்டுத்தான் சாரின் கடைசிக் கட்டுரையை வெளிநாட்டு ஆய்விதழ் திருப்பி அனுப்பியிருந்தது. கடைசி வருஷம் முழுக்க அதற்கு விடை தேடித்தான் அவர் அலைந்தார். சரியாகத் தூங்கவில்லை, யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உட்கார்ந்து பேசிப் பார்க்க விஷயம் தெரிந்த ஒரு ஆள் கூட இந்த ஊரில் இல்லை என்று ஒருமுறை சிந்தியாவிடம் சலித்துக்கொண்டார்.

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் அதைச் சொல்லிவிட்டாள்.

"ஆளே இல்லன்னாரா?"

சிவசங்கரியின் குரல் உயரவில்லை.

"நீ உக்காந்திருக்கியே, அங்கதான் உக்காந்து யோசிப்பாரு. நான் காபி கொண்டாந்தா லேப்டாப்ப மூடிடுவாரு."

"மேடம், நீங்க..."

"ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்தாம்மா. எம்.எஸ்சி. ஃபிஸிக்ஸ். அலைகள் பேப்பர்ல அவருக்கு அரியர் விழுந்துச்சு. முதலியார்பேட்டையில எங்க வீட்டுல உக்கார வெச்சு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

சிந்தியா குடிக்காமல் விட்ட காபியை எடுத்துக்கொண்டு சிவசங்கரி எழுந்தார்.

"பாஸானதும், கட்டினா உன்னத்தான் கட்டுவேன்னு வந்து நின்னாரு."