டீசல் மிச்சம்

பனிப்புயலில் துர்மிட்டோர் மலைக்குப் போன வுகோட்டாவின் தம்பி ராடோயிட்சா இரண்டு நாளாகத் திரும்பவில்லை. அவனைத் தேடும் அறிவிப்பு மலைக் கிராமங்களின் டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது.

மின்கம்பி அறுந்துபோனதால், அதே மலையின் உச்சியிலுள்ள ஆளில்லாத டிவி ஒளிபரப்பு நிலையம் ஜெனரேட்டரில் ஓடியது. அதைத் தொலைவில் பொட்கோரிட்சா நகர அலுவலகத்திலிருந்தே இயக்கும் வுகோட்டா, திரையைவிட்டு நகரவில்லை.

"அண்ணா, அங்க ஹீட்டர் தானா ஆன் ஆகியிருக்கு. டீசலைக் குடிக்குது" என்றாள் உடன் வேலைபார்க்கும் ஸ்டாங்கா.

"ஆளில்லாத கட்டடத்துக்கு எதுக்குச் சூடு? அணைச்சிடு. டீசல் தீர்ந்தா தம்பி படம் டிவியில வராது."

அணைத்தாள். சற்று நேரத்தில் மறுபடி எரிந்தது. மறுபடி அணைத்தாள்.

"திரும்பவும் ஆன் ஆகுதுண்ணா."

"குளிர்ல சுவிட்ச் கெட்டிருக்கும். தள்ளு."

இனி எரியவே முடியாதபடி ஹீட்டருக்குப் போகும் மின்சாரத்தை வுகோட்டாவே துண்டித்தான். தம்பியின் முகம் விடியும்வரை டிவியில் வந்தது.

காலையில் மீட்புக் குழுத் தலைவர் போன் செய்தார்.

"உன் தம்பி கிடைச்சுட்டான், வுகோட்டா. உயிர் இல்லப்பா. உங்க நிலையத்துக் கதவை உடைச்சு உள்ள ஒதுங்கியிருக்கான். ஹீட்டர் சுவிட்சை ஆன்லதான் போட்டு வச்சிருக்கான். அது ஏன் சூடாகலைன்னுதான் எங்களுக்குப் புரியல."