பத்து மணி ரிப்போர்ட்

காலை ஒன்பது பத்துக்கு ரேடியோ நிலையத்தின் டிரான்ஸ்மிட்டர் படுத்துக்கொண்டது. ஒன்பதேகாலுக்கெல்லாம் இன்ஜினியர் அதைச் சரிசெய்துவிட்டார்.

ஆனால் ஸ்விட்சைப் போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். எவனாவது கவனிக்கிறானா, பார்த்துவிடலாம்.

ஒலிபரப்புக் கோபுரத்துக்குப் போகும் மின்சாரத்தைக் காட்டும் முள் பூஜ்யத்தில் கிடந்தது. சுவரிலிருந்த ஸ்பீக்கரில் மட்டும் அறிவிப்பாளர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்.

எட்டு கிலோமீட்டர் தள்ளி, ஸ்டுடியோவில் அவர் பேசுவது கம்பி வழியாக இந்த அறைக்கு வந்து, கோபுரம் ஏறி, ஊரெல்லாம் போக வேண்டும். ஊருக்குப் போகிறதோ இல்லையோ, அவர் தலைக்குப் போய்விட்டது.

கோபுரம் செத்துக் கிடப்பது அந்த மகானுக்கு எங்கே தெரியப்போகிறது? அவர் ஹெட்போனில் அவருடைய மைக்தானே பேசுகிறது! தன் குரலைத் தானே கேட்டுச் சொக்கிப்போய் உட்கார்ந்திருப்பார்.

"உடனே அழையுங்கள்" என்று மூன்று முறை போன் நம்பர் சொன்னார். ஒரு அழைப்பும் வரவில்லை. கோபுரம் நன்றாக இருந்த நேற்றும் வரவில்லை என்பதால் அவருக்குச் சந்தேகமும் வரவில்லை.

நிலைய இயக்குநர் இன்னொரு ரகம். சிக்னல் எப்படி என்று மேலிடம் கேட்டால், கோபுரத்தின் அடியிலேயே காரை நிறுத்தி, ரேடியோவைத் திருகிப் பார்த்துவிட்டு, 'பிரமாதம்' என்று எழுதி அனுப்புவார்.

மேலிடம் அதை நம்பவில்லை. மலைக்கு அந்தப்பக்கம் உங்கள் அலை எட்டுவதே இல்லை, எட்டினாலும் கேட்க ஆளில்லை, இந்த மாதத்தோடு மூடிவிடுகிறோம் என்று கடிதம் வந்துவிட்டது. மறுப்பு இருந்தால் இன்று மாலைக்குள் சொல்ல வேண்டும்.

இன்ஜினியரிடம் மறுப்பு இருந்தது. தடிமனான நோட்டு ஒன்று. அவர் வீடு மலைக்கு அந்தப்பக்கம்தான். பதினொரு வருடமாகத் தினமும் காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் போன் போட்டு, சிக்னல் எப்படி என்று மனைவியிடம் கேட்டு, அதில் குறித்துவந்திருக்கிறார். ஒருநாள்கூடக் குறை வந்ததில்லை. கோபுரத்தைப் பார்த்துக்கொள்வது யார், அவரல்லவா?

இந்த நிலையத்தில் பொய் கலக்காத காகிதம் அது ஒன்றுதான் என்பதில் அவருக்கு ஏகப்பட்ட கர்வம். மனைவிக்குப் பூசி மெழுகத் தெரியாது. புதுச்சட்டை சகிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே போட்டு உடைப்பவள்.

இன்று அவள் வாயாலேயே வரட்டும். ரேடியோ என்ன ஆச்சு, ஒரு மணி நேரமா சத்தத்தையே காணோம் என்று பொரிந்து தள்ளுவாள். அதை அப்படியே எழுதி மேலிடத்தின் மூஞ்சியில் வீசலாம். நின்ற உடனே ஏன் என்று கேட்க ஆள் இருக்கிறது என்பதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

பத்து அடித்ததும் போன் போட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"என்னம்மா, ரேடியோ எப்படி இருக்கு?"

"கணீர்னு கேக்குதுங்க. துளி இரைச்சல் இல்ல."

அவர் முள்ளைப் பார்த்தார். மேலிருந்த கண்ணாடியை விரலால் தட்டிக்கூடப் பார்த்தார். பூஜ்யம்தான்.

"இப்போ என்ன ஓடுது?"

"வேறென்ன, அந்த மனுஷன்தான். பேசிக்கிட்டே இருக்காரு."

அதுவும் உண்மைதான். சுவரில் அந்த மனுஷன் பேசிக்கொண்டுதான் இருந்தார். இன்ஜினியருக்கு முதல்முறையாக அவர்மேல் எரிச்சல் வரவில்லை.

அடுத்து மனைவியைக் கோபிக்க வாயெடுத்தார். ரேடியோ எங்கே இருக்கிறது, எடுத்துக்கொண்டு வா, போன் பக்கத்தில் வை என்று கத்தலாம் என்றுதான் நினைத்தார்.

எங்கே இருக்கிறது? அலமாரியிலா, ஜன்னலோரத்திலா? யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. பதினொரு வருடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட, வீட்டில் அந்த ரேடியோவை அவர் திருகிப் பார்த்ததில்லை.

"சரி, வெச்சிடும்மா" என்றார்.