வயிற்றில் தேங்கிய நீர்

இந்தக் கதையைப் பல வருடங்கள் நான் நம்பவில்லை. சொன்னது ஓர் ஆஸ்பத்திரி ஊசி.

குடித்துக் குடித்து ஈரல் கெட்ட சவரிமுத்துவின் வீங்கிய வயிற்றுக்குள் இறங்கியதும், அங்கே தேங்கியிருந்த நீரைப் பார்த்து அது கத்தியதாம்.

“மறுபடியும் வந்துட்டியா? வெட்கமா இல்ல? உன்னால இந்த ஆளு மூச்சுவிட முடியாம கிடக்கறான்!”

“நானா வந்தேன்? ரத்தக்குழாய்ல சிவனேன்னு ஓடிட்டிருந்தேன். கல்லீரல் இறுகிப்போய் வழிய அடைச்சிடுச்சு. என்னைப் பிடிச்சு வைக்கிற புரதத்தையும் செய்யறதில்ல. பிதுங்கி வெளிய விழுந்தேன். அதைப் போய்க் கேளு!”

“இதுங்க எப்பவும் இப்படித்தாண்ணே, முதல்ல வெளியேத்துங்க” என்றது கல்லீரல்.

ஊசி நீரையெல்லாம் வெளியேற்றியது. வயிறு மறுபடி நிறைந்தது. சவரிமுத்து செத்துப்போனார்.

ஊசி இன்றும் நீரைத்தான் திட்டுகிறது. பொறுக்கமுடியாமல் கேட்டேன்: “கல்லீரல் நாலு விரல் தள்ளித்தானே இருந்தது, அந்தப் பக்கம் ஒருமுறையாவது திரும்பினாயா?”