சபைக்கு ஒரு கம்ப்யூட்டர்

"வாய் ஒரு பக்கம் போகுது, பாட்டு ஒரு பக்கம் போகுது. இதைச் சபையில காட்டினா என் மானம் என்னத்துக்கு ஆகும் பிரதர்?"

அண்ணி பழைய கம்ப்யூட்டரைக் காட்டிப் பொருளாளரிடம் கேட்டாள். அவரோ அதன் விலைச்சீட்டையே பாசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். சபையில் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். எந்தச் செலவுக் கணக்கு அவர் கைக்குப் போனாலும் பாதியாகத்தான் திரும்பி வரும்.

"மெஷின் பழசுன்னு நினைச்சுக்குவாங்க சிஸ்டர். உங்களை யாரு என்ன சொல்லப் போறாங்க?" என்றார்.

கடையில் தரை, மேசை, மாடிப்படி எங்கு பார்த்தாலும் அட்டைப் பெட்டிகள். அவற்றுக்கு நடுவில் இரண்டு கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று ஏதோ அலுவலகம் கழித்துப் போட்டது. மற்றது கடைக்காரர் ஒவ்வொரு பாகமாகச் சேர்த்துக் கட்டிய பெரிய மெஷின். சபை ஒதுக்கிய தொகைக்குள் இரண்டுமே அடங்கும். பழையதை எடுத்தால் பாதிப் பணம் மிஞ்சும். பொருளாளருக்கு அந்தப் பாதி மேல்தான் கண்.

வேலை பெரிதாக ஒன்றுமில்லை. பாட்டு வரிகளைத் திரையில் ஏற்ற வேண்டும். ஆராதனை வீடியோவை வெட்டி ஒட்டி, வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் வரும் ஞாயிற்றுக்கிழமை விஷயம் வேறு. சுவரளவுக்குப் புதிய திரை திறக்கிறார்கள். முதன்முதலாக அதில் காட்டப்போவது அண்ணியின் பாட்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சபையில் முதல் பாட்டு அவளுடையதுதான். வேறொருத்தி அந்த இடத்தில் நின்றதில்லை. போதகரே போன வார ஆராதனையில் தன் போனில் அண்ணியின் முகத்தைக் கிட்டத்தில் வைத்து எடுத்துக் கொடுத்திருந்தார். அந்த வீடியோவைத்தான் கடைக்காரர் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

பழைய கம்ப்யூட்டரில் அது நொண்டி நொண்டி வந்தது. பாட்டு முன்னால் போக, படம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தது.

"அண்ணி, இதுவே போதும்" என்றாள் நாத்தனார்.

திரையில் பாட்டு வரிகளை ஏற்றுகிறவள் அவள்தான். தூணுக்குப் பின்னால் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பாள். பாடகர் குழுவோடு ஒத்துப் பாட அங்கேயே அவளுக்கும் ஒரு மைக் உண்டு. சபையில் பாதிப் பேருக்கு அவள் முகமே சரியாகத் தெரியாது.

"நீ சும்மா இரு. உன் முகமா தெரியப் போகுது? என் முகம்ல தெரியப் போகுது" என்றாள் அண்ணி.

நாத்தனார் மேசையிலிருந்த அட்டைப் பெட்டியை ஒதுக்கி வைத்தாள். பிறகு, வீடியோவை வெட்டி ஒட்டப் போவது தான்தானே, பழையதில் கொஞ்சம் நேரம் பிடிக்கும், பிடித்துவிட்டுப் போகட்டும் என்று மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். இவளைக் கட்டிக்கொடுத்தால் போகிற வீட்டுக்காரன் கொடுத்துவைத்தவன், அஞ்சு பைசா செலவு வைக்கமாட்டாள் என்று அண்ணி கடைக்காரரிடம் சொன்னாள்.

பொருளாளர் தன் பங்குக்கு, வீடியோவை வெட்டத்தானே போகிறோம், வெட்டுகிற வேலைக்கு எதற்கு இவ்வளவு பெரிய மெஷின் என்று கேட்டார். வெட்டுவதில் அவருக்கு இருந்த அனுபவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அண்ணி விடவில்லை. போதகரிடம் போவேன் என்றாள். புதிய திரையே வேண்டாம் என்றாள். கடைசியில், தான் இனிமேல் பாடவே போவதில்லை என்றாள். பொருளாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பெரிய மெஷினுக்கே பில் போடச் சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் குரல் உடைந்திருந்தது.

"பில் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை இதுலயும் பாத்துடுங்கம்மா" என்று கடைக்காரர் அதே வீடியோவைப் பெரிய மெஷினில் போட்டார்.

தண்ணீர் மாதிரி ஓடியது. எங்கும் நிற்கவில்லை, திக்கவில்லை. அண்ணியின் மூக்குத்தி மின்னுவதுகூடத் தெரிந்தது. அண்ணி பெருமையாகப் பொருளாளரைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இதுல படம் பின்தங்குமா?"

"தங்கவே தங்காதும்மா. போன்ல எப்படிப் பதிவாச்சோ அப்படியே வரும்."

"அப்படியேவா?"

"அப்படியே. ஒரு மயிரிழை மாறாது." கடைக்காரர் பெருமையோடு சொல்லிவிட்டு, திரையை உற்றுப் பார்த்தார். புருவம் சுருங்கியது. "ஒரு நிமிஷம், இந்த இடத்துல..."

"நிறுத்துங்க" என்றாள் அண்ணி.

அவர் நிறுத்தினார்.

"பழசே போதும்."

பொருளாளர் காது குடைந்துகொண்டார். சபைப் பணத்தை நம் பணம் மாதிரி பார்க்க வேண்டும் என்று அண்ணி அவருக்கு எடுத்துச் சொன்னாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டே சந்தேகத்தோடு பழைய கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். ஜெயித்து அவருக்குப் பழக்கமில்லை.

பில் போடும் நேரத்தில் கடைக்காரர் ஆளுக்கொரு ஜில்லென்ற கூல்டிரிங்க்ஸ் கொடுத்தார். பெரிய வியாபாரம் போன வருத்தத்தை அவர் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

அண்ணியும் நாத்தனாரும் பாட்டிலோடு வாசலுக்கு வந்து நின்றார்கள்.

"முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றாள் அண்ணி.

"சொல்லிக்கிட்டேதானே இருந்தேன் அண்ணி."

நாத்தனார் மூடியைத் திருகி, பாட்டிலை வாய்க்குக் கொண்டு போனாள். அண்ணி அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"ஜில்லுன்னு எதையும் தொடாதே. உனக்குத் தொண்டை கட்டிக்கிட்டா ஞாயித்துக்கிழமை நான் எப்படிப் பாடுறது?"